சாண்டர், ரோட்டரி டூல் கையில எடுக்கறதுக்கு முன்னாடி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில பிடிச்சு ஓட்டற சாண்டிங் மெஷின், நுனியில சின்ன பிட் (வெட்டற, தேய்க்கற, செதுக்கற முனை) மாட்டி வேகமா சுத்த விட்டுப் பேனா மாதிரி பிடிக்கற ரோட்டரி டூல், இந்த ரெண்டைப் பத்தியும் என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களை இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். ரம்பம்னா எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு, கை தானாவே எட்டி நிக்கும். இந்த ரெண்டுக்கும் அந்தப் பயம் வரமாட்டேங்குது, பல்லு தெரியல, கைக்குள்ள அடங்குது, அதனால கண்ணாடி போடாம மாஸ்க் போடாம "ஒரு நிமிஷ வேலைதானே"ன்னு சுவிட்சைத் தட்டிடறாங்க. எனக்கு இருக்கற கவலை அதுதான்.

சாண்டர்ல பிளேடே இல்லையே, உப்புத்தாள்தானே ஓடுது, அதுல அப்படி என்ன ஆபத்து?

விரல் துண்டா போற ஆபத்து கம்மிதான், ஆனா இது வேற வழியா வரும். முதல்ல தூசி. மரத்தூசி மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லயே முதல் வகையில சேர்த்துட்டாங்க, முக்கியமா மூக்குக்குள்ளயும் மூக்கை ஒட்டின சைனஸ் அறைகள்லயும் வர்ற புற்றுநோய். அடுத்தது அதிர்வு, அப்புறம் சத்தம். இந்த மூணும் அன்னிக்கே வலிக்காது, வருஷக்கணக்குல மெதுவா சேரும், அதனாலதான் யாரும் கண்டுக்கறதில்ல.

உடனே அடிபடற ஆபத்துன்னா பெல்ட் சாண்டர்தான், அதாவது உப்புத்தாள் பட்டை உருளைமேல சுத்தி ஓடற வகை. சுவிட்ச் லாக் ஆன்ல (விரலை எடுத்தாலும் ஓடற மாதிரி பூட்டி) இருக்கறதைக் கவனிக்காம பிளக்கை சொருகினா, மேஜைமேல கிடந்த மெஷின் ராணுவ டாங்கி மாதிரி தானா ஓடி கீழ விழும், இல்ல உங்க தொடையில ஏறும். 60 கிரிட் பெல்ட் (கிரிட்னா உப்புத்தாளோட சொரசொரப்பு எண், எண் சின்னதா இருந்தா சொரசொரப்பு அதிகம்) தோல்ல பட்டா வெட்டுக்காயம் மாதிரி இருக்காது, தோலை அப்படியே உரிச்சிடும், அந்தப் புண் ஆற ரொம்ப நாள் ஆகும். பிளக் போடறதுக்கு முன்னாடி சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு விரலால தொட்டுப் பாருங்க. கண்ணால பாத்தா போதாதான்னு கேப்பீங்க, லாக் பட்டன் உள்ள அமுங்கியிருக்கறது பல மெஷின்ல கண்ணுக்குத் தெரியாது.

துணியை மூக்குல கட்டிக்கிட்டா பத்தாதா?

பத்தாது. துணி தடுக்கறது பெரிய துகளை, அது எப்படியும் தும்மல்லயோ சளியிலயோ வெளிய வந்துடும். நுரையீரலோட அடி வரைக்கும் போறது 10 மைக்ரானுக்கும் கீழ இருக்கற பொடி, நம்ம தலைமுடியோட தடிமனை விட பல மடங்கு சின்னது, துணியோட இழைக்கு நடுவுல சுலபமா போயிடும். என்95 மாஸ்க்னா 0.3 மைக்ரான் அளவு துகள்ல குறைஞ்சது 95 சதவீதம் நிக்கும், ஆனா அது முகத்தோட ஒட்டி இருந்தாத்தான். தாடி இருந்தா அந்த ஒட்டுதல் போச்சு, காத்து எங்க எதிர்ப்பு கம்மியோ அந்த வழியாத்தான் உள்ள வரும். தினமும் இதே வேலைன்னா மாத்திப் போடற பில்டர் வெச்ச ரப்பர் மாஸ்க், பி100 பில்டரோட வாங்கிக்கங்க.

நான் இதுல திருந்தின கதையைச் சொல்றேன். ஒரு நாள் சாயங்காலம் ஒரு கதவை 220 கிரிட்ல முடிச்சிட்டு, மெஷினை ஆஃப் பண்ணி, மாஸ்க்கைக் கழட்டி வெச்சிட்டு டீ குடிச்சேன். அரை மணி நேரம் கழிச்சு உள்ள வந்தா ஜன்னல் வழியா சாயங்கால வெயில் சாய்வா விழுந்துட்டு இருக்கு, அந்த வெளிச்சத்துக்குள்ள பொடி அப்படியே தொங்கிட்டு நிக்குது, கீழ இறங்கவே இல்ல. வெளிச்சம் படாத இடத்துல காத்து சுத்தமா இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து மெஷின் நின்னாலும் அந்த அறைக்குள்ள இருக்கற வரைக்கும் மாஸ்க்கைக் கழட்டறதில்ல, பெருக்கறதும் மாஸ்க் போட்டுத்தான். பெருக்கறதை விட, ஹெப்பா பில்டர் (ரொம்ப நைஸான தூசியையும் பிடிக்கற பில்டர்) இருக்கற வேக்குவம்ல இழுக்கறதோ ஈரத்துணியால துடைக்கறதோ நல்லது. ஏர் கன்னால ஊதி சுத்தம் பண்றது மட்டும் வேணாம், கீழ படிஞ்ச தூசியைத் திரும்ப மூக்குக்கே கொண்டு வர்ற வேலை அது.

எல்லா மரத்தூசியும் ஒண்ணுதானா?

இல்ல. தேக்கு, ஈட்டி மாதிரி மரங்களோட தூசி சில பேருக்குத் தோல்ல அரிப்பும் தடிப்பும் கொண்டு வரும், சிடார் வகையில சிலது ஆஸ்துமாவையே கிளப்பிவிடும். ஒரு தடவை ஒத்துக்காம போயிடுச்சுன்னா அடுத்தடுத்த தடவை கொஞ்சம் தூசி பட்டாலே கிளம்பும். எம்டிஎஃப் (மரநாரைப் பசை போட்டு அழுத்தின பலகை) தூசி ரொம்ப நைஸா இருக்கும், அதுல பசையும் கலந்திருக்கு, அதனால அதை லேசா நினைக்காதீங்க.

பழைய பெயின்ட்டை சாண்டர் போட்டு எடுக்கலாமா?

வீடோ சாமானோ ரொம்பப் பழசுன்னா, அதுல ஈயம் இல்லன்னு தெரியற வரைக்கும் மெஷினே வைக்காதீங்க. ஈயம் கலந்த பெயின்ட் சுவத்துல அப்படியே உரியாம இருக்கற வரைக்கும் பெரிய தொந்தரவு பண்ணாது, சாண்டர் வெச்சீங்கன்னா அதைப் பொடியாக்கி வீடு முழுக்கப் பரப்பிடுவீங்க. தரையில தவழற குழந்தை கையை வாயில வைக்கும், சின்னக் குழந்தைங்களோட மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், பாதிச்சதைத் திருப்பிக் கொண்டு வரவும் முடியாது. டெஸ்ட் கிட் கிடைக்குது, சந்தேகம் இருந்தா லேப்ல கொடுத்துப் பாக்கலாம். ஈயம் இருக்குன்னு தெரிஞ்சா அதுக்குப் பயிற்சி எடுத்தவங்ககிட்ட விட்டுடுங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் இதேதான், அதுமேல எந்த மெஷினும் படக்கூடாது, கையால தேய்க்கவும் கூடாது.

சாண்டரை ஓட விட்டு மரத்துல வைக்கணுமா, வெச்சிட்டு ஓட விடணுமா?

எந்த சாண்டர்ங்கறதைப் பொறுத்தது. பெல்ட் சாண்டர்னா தூக்கிப் பிடிச்சு ஆன் பண்ணி, முழு வேகம் வந்ததும் தட்டையா இறக்கி, இறங்கின அந்த நொடியே நகர்த்த ஆரம்பிச்சிடணும், முடிக்கும்போது தூக்கிட்டுத்தான் ஆஃப். மரத்துமேல வெச்சு ஆன் பண்ணா அது உங்களை இழுத்துக்கிட்டு போகும். ரேண்டம் ஆர்பிட்டல் (வட்டத் தட்டு சுத்திக்கிட்டே ஆடற சாண்டர்) அப்படியே தலைகீழ், அதை மரத்துமேல வெச்சிட்டு ஆன் பண்ணுங்க. அந்தரத்துல விட்டா தட்டு கட்டுப்பாடில்லாம வேகமா சுத்தும், அந்த வேகத்தோட மரத்துல வெச்சா முதல் தொடுதல்லயே பள்ளம் விழும், மெஷினும் கையில துள்ளும். இன்னொண்ணு, பெல்ட்டோட உள்பக்கம் அம்புக்குறி போட்டிருக்கும், மெஷின்ல இருக்கற அம்புக்குறியோட பொருந்தணும், சில பெல்ட் தப்பா மாட்டினா ஒட்டின இடத்துல விட்டு அறுந்து அடிக்கும்.

அழுத்திப் பிடிச்சா வேலை சீக்கிரம் முடியுமே?

முடியாது. மெஷினோட எடையே போதும். அழுத்தினா தட்டு சுத்தறது குறைஞ்சு, மோட்டார் சூடாகி, மரத்துல சுருள் சுருளா கோடு விழும், பாலிஷ் போட்ட பிறகுதான் அது கண்ணுக்கே தெரியும். பாதுகாப்புன்னு பாத்தாலும் அழுத்தறவங்களுக்குத்தான் கை சீக்கிரம் மரத்துப்போகும், வழுக்கினா கையும் உடம்பும் மொத்தமா முன்னாடி போகும். தாள் மரத்தைச் சரியா தேய்க்கலைன்னா அழுத்தறதுக்குப் பதிலா தாளை மாத்துங்க.

ரோட்டரி டூல் சின்னதுதானே, அதுக்கும் ஃபேஸ் ஷீல்டு வேணுமா?

வேணும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 32 மில்லிமீட்டர் விட்டம் இருக்கற ஒரு கட்டிங் டிஸ்க், 30,000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 30,000 சுத்து) சுத்துதுன்னா அதோட விளிம்பு நொடிக்கு 50 மீட்டர் போகுது. மணிக்கு 180 கிலோமீட்டர். டிரெமல் மாதிரி ரோட்டரி டூல் பெரும்பாலும் 35,000 வரைக்கும் போகும். டிஸ்க் உடைஞ்சா அந்தத் துண்டு கிளம்பற வேகம் அதோட விளிம்பு வேகம்தான்.

எனக்கு நடந்தது. துருப்பிடிச்ச ஒரு போல்ட்டோட தலையை வெட்டிட்டு இருந்தேன், மெல்லிசு டிஸ்க், முக்கால்வாசி வெட்டியாச்சு, போல்ட் லேசா சாஞ்சு வெட்டின வாய் மூடிக்கிச்சு. டப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான், கையில மெஷின் சுத்திட்டு இருக்கு, நுனியில ஸ்க்ரூ மட்டும் இருக்கு டிஸ்க் இல்ல. ஷீல்டைக் கழட்டிப் பாத்தேன், வலது கண்ணுக்கு நேரா அரை விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல். மத்த துண்டுங்க எங்க போச்சுன்னு தேடினா ஒண்ணு பின்னாடி சுவத்துல, ஒண்ணு கடைசி வரைக்கும் கிடைக்கல. அந்த ஷீல்டை நான் தூக்கிப் போடல, புதுசா யாராவது பழக வந்தா முதல்ல அதைக் கையில கொடுத்து அந்தக் கீறலை நகத்தால தடவிப் பாக்கச் சொல்வேன்.

அதனால வெட்டும்போது துண்டாகிக் கீழ விழற பக்கம் வெட்டு திறந்துக்கற மாதிரி பொருளைப் பிடிச்சு வைங்க, ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவுல வெட்டினா கடைசியில வெட்டின வாய் டிஸ்க்கைக் கவ்விக்கும். கட்டிங் டிஸ்க்கோட பக்கவாட்டுல தேய்க்கவும் தேய்க்காதீங்க, அது விளிம்புல வெட்டறதுக்கு மட்டும் பண்ணது. உங்க முகம் டிஸ்க் சுத்தற தளத்துக்கு நேர்கோட்டுல இருக்கக்கூடாது, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க.

எந்த பிட்டை எந்த வேகத்துல ஓட்டணும்?

பிட் பாக்கெட்ல அதிகபட்ச ஆர்பிஎம் போட்டிருக்கும், மெஷின் ஓடற வேகம் அதைத் தாண்டக்கூடாது. நம்பர் எதுவுமே போடாம மொத்தமா டப்பாவுல வர்ற டிஸ்க்கை நான் மெஷின்லயே மாட்டறதில்ல. கம்பி பிரஷ்தான் நிறைய பேர் தப்பு பண்ற இடம், அதுக்கு பொதுவா 15,000தான் எல்லை, அதுக்கு மேல போனா கம்பி ஒவ்வொண்ணா பிச்சுக்கிட்டு ஊசி மாதிரி பறக்கும், சட்டையைத் துளைச்சு தோல்ல நிக்கும். புது பிரஷ்னா முன்னாடி யாரும் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க, தளர்ந்த கம்பியெல்லாம் அப்பவே போயிடும். ஃபெல்ட் பாலிஷ் வீலுக்கும் 15,000க்குள்ளதான். பிளாஸ்டிக்னா வேகத்தைக் குறைங்க, இல்லன்னா உருகி பிட்ல அப்பிக்கும்.

பிட் அதிருது, மெஷின் கையில ஆடுது, என்ன காரணம்?

முக்கால்வாசி நேரம் பிட்டை மாட்டின விதம்தான். பிட்டோட தண்டைப் பிடிக்கற கோலட் பல அளவுல வரும், 3.2 மில்லிமீட்டர், 2.4, 1.6, 0.8னு. 3 மில்லிமீட்டர் தண்டு 3.2 கோலட்ல இறுகின மாதிரியே தெரியும், ஓட ஆரம்பிச்சதும் நழுவும். தண்டை முழுசா உள்ள விட்டு, ஒரு நூல் அளவு வெளிய இழுத்து, அப்புறம் நட்டை இறுக்குங்க. ரொம்ப தூரம் வெளிய நீட்டி வெச்சா, மெல்லிசான தண்டு அந்த வேகத்துல வளைஞ்சு விசிறி மாதிரி அடிக்கும். ஒரு சின்ன பிட் 90 டிகிரிக்கு மடங்கினதை நான் மறக்கவே இல்ல, கண்ணால தொடர முடியாத வேகத்துல நடந்துது.

மாட்டினதும் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடிச்சு குறைஞ்ச வேகத்துல ஓட விட்டுப் பாருங்க. ஆட்டம் இருந்தா நிறுத்திட்டுத் திரும்ப மாட்டுங்க. ஷாஃப்ட் லாக் பட்டனை (பிட் மாத்தறப்ப தண்டு சுத்தாம பிடிக்கற பட்டன்) ஓடும்போது அமுக்காதீங்க, கை தெரியாம பட்டுடும்னா பிடியை மாத்திக்கங்க. பிட் மாத்தறப்ப பிளக்கைக் கழட்டணும், பேட்டரி மெஷின்னா பேட்டரியைக் கழட்டணும், சுவிட்ச் ஆஃப்ல இருக்குங்கறது போதாது.

செதுக்கும்போது பிட் தானா ஓடிப்போகுது

பிட் எந்தப் பக்கம் ஓடப் பாக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கமா நகர்த்துங்க. அது போற பக்கமே நீங்களும் தள்ளினா ஏறி ஓடி விளிம்பைத் தாண்டி இன்னொரு கையில போய் நிக்கும். முழு ஆழத்துக்கும் ஒரே தடவையில போகாம லேசா நாலஞ்சு தடவை ஓட்டுங்க. நுணுக்க வேலைக்குப் பேனா பிடி சரி, வெட்டற வேலைக்கும் தேய்க்கற வேலைக்கும் முழு உள்ளங்கையால பிடிங்க.

சின்னப் பொருளைக் கையில பிடிச்சுக்கலாமா?

வேணாம், சின்ன வைஸ் இல்ல கிளாம்ப் போடுங்க. ரோட்டரி டூல்ல வர்ற காயத்தை யோசிச்சுப் பாருங்க, மெஷின் பிடிச்ச கைக்கு வராது, பொருளைப் பிடிச்ச கைக்குத்தான் வரும். மோதிரம், சாவி மாதிரி சாமானைக் கட்டையில ஒரு பள்ளம் பண்ணி அதுல உக்கார வெச்சுக்கூட பண்ணலாம்.

கிளவுஸ் போடறதா வேணாமா?

ரோட்டரி டூலுக்குத் தொளதொளன்னு இருக்கற துணி கிளவுஸ், நூல் கிளவுஸ் கூடவே கூடாது, ஒரு நூல் பிட்ல சிக்கினா விரலையும் சேர்த்து சுத்தும். கழுத்துச் சங்கிலி, கயிறு, துப்பட்டா, இயர்போன் ஒயர், அவிழ்ந்த முடி, நீளமான சட்டைக் கை எல்லாத்துக்கும் இதேதான். சாண்டருக்கு விஷயம் வேற, கையோட ஒட்டின கிளவுஸ் போடலாம், பெல்ட் சாண்டருக்கு மட்டும் நான் வெறும் கையோடதான்.

பவர் கண்ணாடி போட்டிருக்கேனே, அது போதாதா?

போதாது, பக்கவாட்டுல திறந்திருக்கு, அடி தாங்கறதுக்கும் பண்ணதில்ல. அதுக்கு மேல கவர் ஆகற காகிள்ஸ் போடுங்க, வெட்டும்போது அதுக்கும் மேல ஷீல்டு.

அப்படியும் கண்ணுல ஏதாவது பட்டுடுச்சுன்னா கசக்காதீங்க. லேசான தூசின்னா சுத்தமான தண்ணியால கழுவலாம். இரும்புத் துகள் குத்தி நிக்குதுன்னா நீங்களா எடுக்காம கண் டாக்டர்கிட்ட அன்னிக்கே போங்க, கருவிழியில நின்ன இரும்பு துருப்பிடிச்சு அங்கயே ஒரு வளையம் மாதிரி கறை விடும். எம்ஆர்ஐ எடுக்கறதுக்கு முன்னாடி "கண்ணுல எப்பவாவது இரும்புத் துகள் பட்டிருக்கா"ன்னு கேக்கறதும் இதனாலதான், உள்ள தங்கின துகளை அந்தக் காந்தம் நகர்த்திடும். உலோக வேலை பண்றவங்க அந்தக் கேள்விக்கு யோசிச்சு பதில் சொல்லுங்க.

வேலை முடிச்சதும் விரல் நமநமன்னு இருக்கு, சகஜம்தானா?

எப்பவாவது, கொஞ்ச நேரத்துல போயிடுதுன்னா உடம்பு கொடுக்கற எச்சரிக்கைன்னு எடுத்துக்கங்க. மறுநாளும் இருக்கு, சட்டை பட்டன் போட முடியல, குளிர்ல விரல் நுனி வெள்ளையா போகுதுன்னா டாக்டர்கிட்ட போற நேரம் வந்தாச்சு. அதிர்வுல விரலோட ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போற நோய் அது, முத்திட்டா திரும்பாது. ஐரோப்பாவுல 2002ல போட்ட விதிப்படி 8 மணி நேர வேலைக்கு சராசரி அதிர்வு நொடிவர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 5 தான் உச்சவரம்பு. உங்க மெஷின் மேனுவல்ல இந்த எண் இருக்கும், வாங்கும்போது பாருங்க. இறுக்கிப் பிடிக்காம, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை விட்டுட்டு கையை சூடா வெச்சுக்கங்க.

காதுக்கு ஏதாவது வேணுமா?

வேணும். 85 டெசிபல்னா 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்னு அமெரிக்காவோட வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லுது, அப்படிப் பாத்தா 94 டெசிபல்ல ஒரு மணி நேரம்தான். பெல்ட் சாண்டர் பலதும் அந்த அளவுக்கு வரும். பஞ்சு வெச்சுக்கறது பிரயோஜனமில்ல, இயர் பிளக் இல்ல இயர் மஃப்.

தண்ணி தொட்டு தேய்க்கற வேலைக்கு எலக்ட்ரிக் சாண்டர் போடலாமா?

கூடாது. வெட் சாண்டிங்னா கையால, இல்ல காத்துல ஓடற சாண்டர்ல. கரண்ட் மெஷின்ல உள்ள காத்து இழுக்கற துவாரம் இருக்கு, தண்ணியும் அது வழியா போகும். ரெண்டு பின் பிளக் இருக்கேன்னு சில பேர் பயப்படறாங்க, மெஷின்மேல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருந்தா டபுள் இன்சுலேஷன், எர்த் தேவையில்ல, ஆனா ஈரத்துல அதுவும் காப்பாத்தாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கற சுவிட்ச்) இருக்கற லைன்ல ஓட்டுங்க. ஒயரைத் தோள்மேல போட்டுப் பின்னாடி விட்டா சாண்டர் அதுமேல ஏறாது.

சாண்டர் தூசிப் பை எப்ப காலி பண்ணனும்?

பாதி நிறையும்போதே, அப்புறம் வேலை முடிஞ்சதும் கட்டாயம். பழைய வார்னிஷ் தேய்ச்ச தூசி பைக்குள்ள தானா சூடாகி ராத்திரி நேரத்துல பத்திக்கும், எண்ணெய் பாலிஷ் தொட்ட துணியும் அப்படித்தான். ஆளிவிதை எண்ணெய் காத்தோட சேரும்போது சூடு விடும், துணியைச் சுருட்டிப் போட்டா அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம ஏறிக்கிட்டே இருக்கும். அந்தத் துணிங்களை வெளிய தனித்தனியா விரிச்சுக் காயப் போடுங்க, இல்லன்னா தண்ணி நிரப்பின மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க.

மரம் தேய்ச்ச பையோடயே இரும்பு தேய்க்காதீங்க, ஒரு பொறி போதும். அலுமினியத் தூசியும் இரும்புத் துருவும் ஒரே பையில சேரவே கூடாது, அது ரெண்டும் கலந்து பத்தினா எரியற சூட்டுல இரும்பே உருகும், தண்ணி ஊத்தி அணைக்கவும் முடியாது. நான் மரத்துக்கு ஒரு பை, உலோகத்துக்கு ஒரு பைன்னு தனித்தனியா வெச்சு மேலே மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன். கடைசியா ஒண்ணு, வேலை செஞ்ச சட்டையை வாசல்லயே கழட்டி உதறாம தனியா துவைக்கப் போட்டுட்டு, கை முகம் கழுவிட்டுத்தான் வீட்டுக்குள்ள போறது.